பெரட்டு இல்லாத மூன்று நாள்

அக்கா,

இன்று காலை என் பக்கத்துக் கட்டில் கிழவிக்கு வந்த கஞ்சித் தட்டு வந்த வழியே திரும்பிப் போனது. நீல பிளாஸ்டிக் தட்டு, கஞ்சியின் மேலே நாலு நெத்திலி. வேலைக்காரப் பெண் அதைக் கால்மாட்டுப் பக்கம் ஸ்டூலின் மேல் வைத்தாள். கிழவிக்குக் கை எட்டாது, எழுந்து உட்காரவும் முடியாது. கால் மணி நேரம் கழித்து அதே பெண் வந்து தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பெயர் காலைச் சாப்பாடு.

பதினோரு மணிக்குக் கிழவியின் மகள் பார்க்க வந்தாள். "பசிக்குதும்மா, ஒன்னும் குடுக்கல" என்று கிழவி அழுதாள். வேலைக்காரப் பெண் சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் சாப்ட்டாச்சுக்கா. பாட்டிக்கு ஞாபகம் நிக்காது லா. சாப்ட்டுட்டுச் சாப்படலன்னு சொல்லும், டெய்லி இப்படித்தான்" என்றாள். மகளும் தலையை ஆட்டிவிட்டு அம்மாவின் கன்னத்தைத் துடைக்க ஆரம்பித்தாள். எனக்கு எங்கிருந்து அவ்வளவு குரல் வந்தது என்று தெரியவில்லை. "குடுக்கல! தட்ட வச்சா, எடுத்தா. வாயில ஒரு கரண்டி போகல" என்று கத்திவிட்டேன். அறை முழுவதும் திரும்பிப் பார்த்தது. அதன்பிறகு எனக்குத் தேநீர் வரவில்லை, அது போகட்டும். மகள் என் கட்டிலுக்கு வந்து குனிந்து, "ரொம்ப நாளா இப்படித்தானா பாட்டி? நீங்க ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள்.

நான் சுங்கைப்பட்டாணியில் இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. நாலு வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டுதான் கிடக்கிறேன். ஏன் சொல்லவில்லை என்று அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். நீ போய்ச் சேர்ந்து ஏழு வருஷமான பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நான் எதிலும் பிந்திதான், உனக்குத் தெரியாததா.

ஜப்பான்காரன் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது, உனக்கு இருபத்து மூன்று. திக்காம் பத்துவுக்கு உள்ளே தள்ளியிருந்த நம் தோட்டத்தில், ஒரே லயத்தில், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். சொந்தம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நீ கல்யாணமாகி வந்த மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "ஏ அஞ்சல, ஒங்கூட்டு அடுப்புப் பொகை எங்கூட்டுக்குள்ள வருது, சமைக்கிறியா இல்ல லயத்தையே கொளுத்துறியா?" என்றாய். அன்று பிடித்த அக்கா உறவுதான், கடைசிவரை விடவில்லை.

வெள்ளைக்காரத் துரை காரில் ஏறிப் போனார், நாயை விட்டுவிட்டு. ரப்பரை வாங்க ஆளில்லை. பால் பிடிக்கும் மங்குகள் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தன. வெட்டுக்காட்டில் மரவள்ளிக் கிழங்கு நட்டோம். பிறகு ஒருநாள் லாரி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை என்றார்கள். என் அண்ணன் போனான், உன் புருஷன் போனார். லாரியில் ஏறும்போது அவர் உன்னைப் பார்த்து, "அப்பாவப் பாத்துக்க புள்ள" என்று ஒரே வார்த்தை சொன்னார். "எனக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போனாரா பாரு அந்த மனுசன்" என்று பிற்காலத்தில் எத்தனை தடவை அவரை வைத்துக்கொண்டே குத்திக்காட்டியிருப்பாய்! ஆனால் அந்த ஒரு வார்த்தையை நீ எப்படிப் பிடித்துக்கொண்டாய் என்பது எனக்குத் தெரியும்.

மகன்கள் போன பிறகு லயத்தில் மிஞ்சிய கிழங்களை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த நீளக் கொட்டகையில் கொண்டுவந்து போட்டார்கள். பதினொரு பேர். உன் மாமனாரும் அதில் ஒருவர். அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நீ அங்கே ஆயா வேலைக்குச் சேர்ந்தாய். எனக்குப் பசி, அதனால் நான் சேர்ந்தேன். வித்தியாசம் அப்போதே இருந்தது.

அந்தக் கொட்டகையை இப்போது நினைத்தாலும் மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது. வெறும் பலகைக் கட்டில்கள், பாயில்லை. முதுகில் புண் வந்தவர்களைத் திருப்பிப் போட ஆளில்லை. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர் வாசல்படிவரை வருவார், கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி எட்டிப் பார்ப்பார், "எல்லாம் உயிரோடதான இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போவார். படுக்கையிலேயே அசிங்கம் பண்ணிவிட்டவர்களை வெளியே சிமெண்டுத் தரைக்கு இழுத்து வந்து வாளித் தண்ணீரை ஊற்றுவது வழக்கமாக இருந்தது. குளிரில் அவர்கள் கத்துவார்கள். முதல் வாரம் எனக்கும் அழுகை வந்தது. மூன்றாவது வாரம் நானே ஊற்றினேன். நீயும் ஒன்றும் தெய்வம் இல்லை. ஒருநாள் மருந்தைத் துப்பிய கிழவியின் கையில் சுள்ளென்று போட்டாய்.

அங்கே எழுதாத சட்டம் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? மீந்தது ஆயாவுக்கு. கிழங்கள் தின்னாமல் விட்டதை நாம் எடுத்துக்கொள்ளலாம். நமக்கென்று கொடுத்த ஒரு துண்டுக் கிழங்கு அரை வயிற்றுக்குக்கூடக் காணாது. அதனால் கட்டிலில் கிடப்பவர் தலையைத் திருப்பிக்கொண்டால் அவர்மேல் பரிதாபம் வருவதற்கு முன்பே எச்சில் ஊறும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்களோ, அவர்களுக்கு மனிதர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது.

உன் மாமனாருக்கு நாற்பது வருஷம் பால் வெட்டிய உடம்பு. புத்தி மட்டும் எங்கேயோ கழன்றுவிட்டது. விடியும் முன்பே எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று வெளியே போய்விடுவார். தோட்டத்தில் தினமும் காலையில் எல்லோரையும் நிற்கவைத்துப் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புவதுதான் பெரட்டு. பெரட்டில் பேர் விழாதவனுக்கு அன்று வேலை இல்லை. நின்றுபோன பெரட்டுக்கு அவர் மட்டும் போய்க்கொண்டிருந்தார். இரண்டு தடவை ஆற்றங்கரையில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தோம். பிறகு டிரசர், சைக்கிள் டியூபைக் கிழித்து அவர் காலைக் கட்டிலோடு கட்டச் சொன்னார். கட்டினோம்.

கட்டிய அன்றிலிருந்து அவர் சாப்பிடவில்லை. மங்கில் கிழங்குக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தால் தள்ளிவிட்டார். "பேரு போடலியே. பேரு போடாம தின்னா அது திருட்டுச் சோறு" என்றார். நீ கெஞ்சினாய், திட்டினாய், அவர் மகன் பேரைச் சொல்லி அழுதாய். அசையவில்லை. மறுநாள் காலையில் நீ என்ன செய்தாய் என்பதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கொட்டகை நடுவில் போய் நின்றாய். கரண்டியால் மங்கைத் தட்டினாய். பெரட்டில் பேர் கூப்பிடும் தண்டலைப்போலக் குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு, "மாயாண்டி மவன் சடையன்!" என்று கூப்பிட்டாய்.

கட்டிய காலோடு அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்தாரே, அக்கா! "இருக்கேன்யா!" என்று கொட்டகை அதிரச் சொன்னார். "நேத்து பாலு கொறச்சல், இன்னிக்கு ஒழுங்கா வெட்டணும்" என்றாய். "வெட்டிர்றேன்யா" என்றார். பிறகு மங்கை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

மூலையில் கிடந்த கிழவி, "எம்பேர ஏன் கூப்புடல? நானும் இருவது வருசம் வெட்டினவதான்" என்று சண்டைக்கு வந்தாள். அதன்பிறகு தினமும் பதினொரு பேருக்கும் பெரட்டு. அப்பன் பேரோடு சேர்த்துக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் கோபம் வரும். வாய் பேச முடியாதவர் கையைத் தூக்குவார். நீ ஒவ்வொருவரையும் ஏதாவது சொல்லி வம்புக்கு இழுப்பாய், அவர்கள் பதிலுக்கு உன்னைத் திட்டுவார்கள். அரை மணி நேரம் அந்த நாற்றம் பிடித்த கொட்டகையில் சிரிப்புச் சத்தம் கேட்கும். உன் மாமனாரின் கால்கட்டை நீ அவிழ்த்துவிட்டாய். பேர் விழுந்த பிறகு அவர் எங்கும் போவதில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. உன்னிடம் சொல்லியும் இருக்கிறேன். "சாகப் போறதுகளுக்குப் பெரட்டு என்னாத்துக்குக்கா?" என்றேன். நீ என் தலையில் ஒரு குட்டு வைத்தாய். உண்மையான காரணம் வேறு. பெரட்டு வந்த பிறகு எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். எதுவும் மிஞ்சவில்லை.

கிழங்கே தின்று உன் மாமனாருக்கு வயிறு கெட்டது. ஒரு பிடி அரிசிக் கஞ்சி உள்ளே போனால் மகன் வரும்வரை தாங்குவார் என்றாய். யான் என்கிற ஊர்ப் பக்கம் நெல் விளைகிறது, துணி கொடுத்தால் மலாய்க்காரர்கள் அரிசி கொடுக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. உன்னிடம் இருந்த ஒரே நல்ல சேலை கல்யாணச் சேலை. அதை மடித்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஜெராய் மலையைச் சுற்றிக்கொண்டு நடந்தே கிளம்பினாய். போகும்போது என் கையைப் பிடித்து, "நாலு நாள்ல வந்துருவேன்டி. மாமாவுக்கு மட்டும் மறக்காம பேரு கூப்புடு. இல்லாட்டி தின்னமாட்டாரு" என்றாய். "சரிக்கா" என்றேன்.

முதல் நாள் நான் மறந்தேன். இது சத்தியம். அன்று மழை, கூரை ஒழுகியது, இரண்டு பேருக்குப் பேதி. கிழங்கையும் கஞ்சியையும் அவசரமாக ஒவ்வொருவர் முன்னாலும் வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்தபோது அவர் மங்கும் கிழங்கும் அப்படியே இருந்தன. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கூப்பிட்டிருக்கலாம். நான் அந்தக் கிழங்கை எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் போய்த் தின்றேன்.

இரண்டாம் நாள் மறக்கவில்லை.

மூன்றாம் நாளும் மறக்கவில்லை. மற்றவர்களுக்கும் கூப்பிடவில்லை. அவருக்கு மட்டும் விட்டால் தெரிந்துவிடும் அல்லவா? அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டார்கள், சிலர் பாதியில் வைத்தார்கள். அவர் மட்டும் தொடவில்லை. "புள்ள, பெரட்டு எப்ப?" என்று ஒரு தடவை மெதுவாகக் கேட்டார். கேட்காததுபோலப் போனேன். அன்று அவர் பங்கை அங்கேயே நின்று, அவர் பார்க்கும்போதே எடுத்தேன். ஒரு மனிதரைப் பட்டினி போடுகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை, அக்கா. அவர் வேண்டாம் என்கிறார், மீந்ததை எடுக்கிறேன் என்றுதான் மனசு சொல்லிக்கொண்டது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிக்கொண்டது!

நாலாம் நாள் காலையில் ஆறு மாதக் கர்ப்பிணியாக வந்து சேர்ந்தாய். அரிசியைத் துணியில் சுற்றி வயிற்றில் கட்டியிருந்தாய். பாலத்தில் நின்ற ஜப்பான் சிப்பாய் வழிவிட்டானாம். "சயாமுக்குப் போன மனுசன் திரும்பி வந்து இந்த வயித்தப் பாத்தா என்ன கேப்பாரு?" என்று நீ சிரித்த சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. கால் இரண்டும் வீங்கி வெடித்திருந்தன. சிரித்துக்கொண்டே உள்ளே போனாய்.

அவர் கண் குழிக்குள் போயிருந்தது. உன்னைத் தெரிந்துகொண்டார். "மூணு நாளா பெரட்டு இல்ல புள்ள" என்றார். குழந்தை புகார் சொல்வதுபோலச் சொன்னார்.

நீ என் பக்கம் திரும்பினாய். "பேரு கூப்புட்டியாடி?" என்றாய்.

"கூப்புட்டேன்கா. தினமும் கூப்புட்டேன். அவருக்கு ஞாபகம் நிக்கல" என்றேன்.

இன்று காலையில் அந்த வேலைக்காரப் பெண் வாயில் வந்த வார்த்தை என் வார்த்தைதான். நாலு வருஷமாக அவளைப் பார்க்கும்போதெல்லாம் என்னைத்தான் பார்க்கிறேன். அவள்மேல் விரலை நீட்டினால் அது எங்கே திரும்பும் என்று தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மகளிடம் இதை எப்படிச் சொல்ல?

அன்று என் பதிலைக் கேட்டு நீ என்னை ஒரு கணம் பார்த்தாய், பிறகு அடுப்பு மூட்டப் போய்விட்டாய். அரிசியைக் குழைய வேகவைத்து வந்து, கரண்டியால் மங்கைத் தட்டி, அவர் பேரை அவர் அப்பன் பேரோடு கூப்பிட்டாய். உதடு மட்டும் அசைந்தது. இரண்டு கரண்டி இறங்கியது. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. மறுநாள் உச்சிவேளையில் உன் மடியில் போய்விட்டார். கோடித்துணிக்கு வழியில்லை, கல்யாணச் சேலையும் அரிசியாகிவிட்டது. சாக்கைப் பிரித்துப் போர்த்தினோம். மிச்ச அரிசியைக் கஞ்சியாக்கிப் பத்துப் பேருக்கும் கொடுத்தாய். எனக்கும் ஒரு மங்கு ஊற்றினாய். நான் குடித்தேன்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்து உன் புருஷன் வந்தார். என் அண்ணன் வரவில்லை. கணுக்காலில் எலும்பு தெரியும் புண்ணோடு, அடையாளமே தெரியாத ஆளாக லயத்து வாசலில் வந்து நின்று, "அப்பா எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். நீ உட்காரவைத்துச் சொன்னாய். நான் கதவோரம் நின்றிருந்தேன். இப்போது சொல்லிவிடுவாய், இதோ சொல்லப் போகிறாய் என்று உன் வாயையே பார்த்தேன். நீ, "நான் யானுக்குப் போயிருந்தப்ப அஞ்சலதான் கூட இருந்தா" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். அதில் பொய்யில்லை. அந்த மனிதர் எழுந்து நிற்க முடியாமல் எழுந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதன்பிறகு எத்தனை தீபாவளி! உன் வீட்டில் சுட்ட முதல் முறுக்குத் தட்டு என் வீட்டுக்குத்தான் வரும். "எங்கப்பாவப் பாத்துக்கிட்டவ" என்று சொல்லி அவரே கொண்டுவந்து கொடுப்பார். வாங்கிக்கொள்வேன், வேறு என்ன செய்ய முடியும்? தோட்டத்தைத் துண்டாடி விற்றபோது நீங்கள் சுங்கைப்பட்டாணி வந்தீர்கள், நானும் பின்னாலேயே வந்தேன். என் புருஷன் போனபோது நீ வந்து ஒரு மாதம் என் வீட்டில் தங்கினாய். என் மகன் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது என்னோடு சேர்ந்து அவனைத் திட்டினாய். அறுபது வருஷம் தினமும் பேசினோம். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு தடவைகூடப் பேசவில்லை. உனக்குத் தெரியாது என்று சில வருஷம் நம்பினேன். தெரியும் என்று சில வருஷம் பயந்தேன். நீ எனக்குச் சோறு போடும்போதெல்லாம் உன் முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

கடைசியில் நீயும் படுக்கையில் விழுந்தாய். உன் மருமகள் வேலைக்குப் போய்விடுவாள், மத்தியானம் நான்தான் வந்து உனக்கு ஊட்டுவேன். ஒவ்வொரு நாளும் கரண்டியை எடுக்கும் முன் உன் பேரை, உன் அப்பா பேரோடு சேர்த்துக் கூப்பிடுவேன். "இருக்கேன்யா" என்று சொல்லிவிட்டு வாயைத் திறப்பாய். உனக்குச் சிரிப்பு வரும். எனக்கு வராது.

அன்று பாதிக் கிண்ணம் முடிந்திருந்தது. நீ போதும் என்று கையைக் காட்டினாய். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கிடந்தாய், தூங்கிவிட்டாய் என்று நினைத்தேன். திடீரென்று, அந்தப் பழைய வம்புக்கார முகத்தோடு என்னைப் பார்த்துக் கேட்டாய்:

"ஏ அஞ்சல, அந்த மரவள்ளிக் கெழங்கு அன்னிக்கு நல்லா வெந்திருந்துச்சாடி?"

கை கழுவும் சாக்கில் எழுந்து ஓடினேன். குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். திரும்பி வந்தபோது நீ நிஜமாகவே தூங்கியிருந்தாய். அதன்பிறகு நீ பேசும் நிலையில் இல்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாய்.

அறுபது வருஷம், அக்கா. எல்லாம் தெரிந்துகொண்டே என் வீட்டுக்கு முறுக்கு அனுப்பினாய். தெரிந்துகொண்டே என் பிள்ளையைத் தூக்கி வளர்த்தாய். தெரிந்துகொண்டே, என் கையால் ஊட்டச் சொல்லி வாயைத் திறந்தாய். இங்கே என்னைப் பாட்டி என்கிறார்கள், ஜன்னலோரக் கட்டில் என்கிறார்கள். பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. உன் குரல் வேண்டும் போலிருக்கிறது. திட்டினாலும் பரவாயில்லை, குட்டினாலும் பரவாயில்லை, "ஏ அஞ்சல" என்று ஒரு தடவை கேட்டால் போதும். கேட்டால், இந்தத் தடவை ஓடமாட்டேன், பதில் சொல்வேன்.

நன்றாக வெந்திருந்தது, அக்கா. உப்புக்கூட இருந்தது. மூன்று நாளும் நான்தான் தின்றேன். இன்றுவரை அது எனக்குச் செரிக்கவில்லை.

உன்,
அஞ்சலை